மலையில் வேலை பார்த்தால் மதிப்பெண் உண்டு, மலையில் வளர்ந்தால்?

மலைப்பகுதிகளிலும் எளிதில் போய்ச்சேர முடியாத ஊர்களிலும் பணிபுரியும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலை மருத்துவச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் தரும் விதி நம் நாட்டில் இருக்கிறது. ஓராண்டுப் பணிக்கு, நுழைவுத் தேர்வில் அவர் எடுத்த மதிப்பெண்ணில் 10 சதவீதம் வரை கூட்டிக்கொள்ளலாம். உச்ச வரம்பு 30 சதவீதம். பணியில் இருக்கும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்ததே தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம்தான்.

இந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மலைமேல் இருந்துகொண்டு தேர்வுக்குப் படிப்பது கடினம். பயிற்சி மையம் கிடையாது, நல்ல நூலகம் கிடையாது, கூடிப் படிக்க ஆள் கிடையாது. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சென்னையில் உட்கார்ந்து படித்தவரையும் மலையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே படித்தவரையும் ஒரே கோலால் அளப்பது அநியாயம் என்பதை அரசும் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

என் கேள்வி அடுத்த படியைப் பற்றியது. எம்.பி.பி.எஸ். முடித்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, சில ஆண்டுகள் மலையில் இருந்த ஒருவருக்கு அந்த இடத்தின் கஷ்டத்தைக் கணக்கில் எடுக்கிறோம். அதே மலையில் பிறந்து, பதினேழு வயதுவரை வளர்ந்து, எம்.பி.பி.எஸ். இடத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கை ஏன் போட மறுக்கிறோம்?

மேகமலையில் மணலாறு எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா கவாத்து வெட்டினார், மருந்தடித்தார். மேல்வகுப்புக்குச் சின்னமனூருக்கு இறங்கி, விடுதியில் தங்கிப் படித்தேன். விலங்கியல் ஆசிரியையாகி, கம்பம் பள்ளத்தாக்கின் அரசு மேல்நிலைப் பள்ளிகளிலேயே பணியாற்றி ஓய்வுபெற்றேன். மருத்துவக் கனவோடு வந்த பிள்ளைகளின் விண்ணப்பங்களைச் சரிபார்த்து, சான்றிதழ்களை அடுக்கிக் கொடுத்து அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அந்த அனுபவத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

அரசுப் பள்ளிகளுக்கான ஏழரை சதவீதம் என்ன செய்தது?

நீட் தேர்வு 2017-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் ஏறத்தாழ பத்தாண்டுகள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவச் சேர்க்கை நடந்தது. நீட்டின் விளைவை ஆராய அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: நீட்டுக்கு முந்தைய ஆண்டில் தமிழ் வழியில் படித்து மருத்துவம் சேர்ந்தவர்கள் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தார்கள். பிறகு அது ஒற்றை இலக்கத்துக்குச் சரிந்தது. ஒரு முறைக்கு மேல் தேர்வெழுதி இடம் பெறுகிறவர்களோ 2016-17-இல் 12 சதவீதம் அளவில் இருந்து 2020-21-இல் 71 சதவீதமாகிவிட்டார்கள். அதாவது, பிளஸ் டூ முடித்த பிறகு வேலைக்குப் போகாமல் ஓராண்டோ ஈராண்டோ வீட்டில் இருக்கவும், லட்சக்கணக்கில் கட்டிப் பயிற்சிக்குப் போகவும் வசதி உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கே பெரும்பாலும் இடம் என்றாகிவிட்டது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரி வாசலிலிருந்தே மறைந்துபோனார்கள். 2019-20-இல் தமிழ்நாடு முழுவதிலும் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்த அரசுப் பள்ளி மாணவர்கள் ஆறே பேர் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியே சொன்னார். ஓய்வுபெற்ற நீதிபதி பி.கலையரசன் தலைமையிலான ஆணையம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு தரலாம் என்று பரிந்துரைத்தது. அமைச்சரவை அதை 7.5 ஆக்கியது. 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதலுக்காக வாரக்கணக்கில் காத்திருந்து, அக்டோபர் 29 அன்று அரசு ஆணை பிறப்பித்த பிறகு, மறுநாள் ஒப்புதல் வந்தது.

அந்த ஆண்டே 313 அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் ஒதுக்க வழி பிறந்தது. ஆறு எங்கே, 313 எங்கே! தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட முடியாமல் சிலர் தவித்தபோது, கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் வந்தது. இன்று இந்த இடங்கள் நானூறைத் தாண்டிவிட்டன. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே ஏழரை சதவீதம் விரிந்தது. மத்தியப் பிரதேசம் 5 சதவீதம், புதுச்சேரி 10 சதவீதம் என்று மற்றவர்களும் மருத்துவச் சேர்க்கையில் இந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

“69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கும்போது இது வேறு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. ஏழரை சதவீதம் 69-க்கு மேல் வைத்த கூடுதல் பங்கு அல்ல. பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என ஒவ்வொரு பிரிவின் பங்குக்குள்ளும் குறுக்காகப் போகும் ஒதுக்கீடு இது. சாதியால் அடைக்கப்பட்ட கதவை 69 திறக்கிறது. அந்தக் கதவுக்குள்ளேயே, அதிகாரி வீட்டுப் பிள்ளைக்குப் பின்னால் நின்றுவிடும் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளையை ஏழரை முன்னால் கொண்டுவருகிறது. எஸ்டேட்டில் வேலை செய்வோரில் பட்டியல் சாதிக் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால்தான் வழி.

மதிப்பெண்ணில் ஒட்டியிருக்கும் ஈரம்

மழை நாளில் பறித்த கொழுந்தை எடை போடும்போது ஈரத்துக்கென்று கழித்துக்கொண்டுதான் கணக்கு எழுதுவார்கள். தராசு காட்டுவதில் இலை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்காமல் யாரும் கூலி போட மாட்டார்கள். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்கிறேன். அதில் பிள்ளையின் அறிவும் உழைப்பும் எவ்வளவு, வாங்கிக்கொடுத்த பயிற்சியும் வாங்கிக்கொடுத்த காலமும் எவ்வளவு?

இதற்கு எங்கள் தேனி மாவட்டத்திலேயே கண்முன் சாட்சி இருக்கிறது. 2020-இல் நீட் தேர்வில் 720-க்கு 664 எடுத்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர் எங்கள் மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர். அதற்கு முந்தைய ஆண்டும் அவர் அதே தேர்வை எழுதியிருந்தார். இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. ஆசிரியர்களும் நல்ல மனம் கொண்டவர்களும் உதவி செய்து, ஓராண்டு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதே பையன்தான், அதே மூளைதான். இடையில் சேர்ந்தது ஓராண்டு காலமும் பயிற்சியும் மட்டுமே. அந்த ஓராண்டு கிடைக்காமல் போன பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குத்தான் தெரியும்.

இதே மாவட்டம் மறுபக்கத்தையும் பார்த்தது. 2019-இல் நீட் ஆள்மாறாட்ட வழக்கு முதலில் வெளிவந்தது க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில்தான். வேறொருவரைத் தேர்வெழுத வைத்து இடம் பெற்றதாக ஒரு மாணவர் மீது குற்றச்சாட்டு எழுந்து, சிபிசிஐடி விசாரணை வரை போனது. தேர்வு ஒன்றுதான் நேர்மையான அளவுகோல் என்று பேசுகிறவர்கள், பணம் அந்த அளவுகோலை எப்படியெல்லாம் வளைக்கப் பார்க்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

குறைந்த மதிப்பெண்ணில் சேர்ந்தவர் நல்ல மருத்துவராக முடியுமா என்ற கேள்வியும் வருகிறது. நோயாளியின் அக்கறையிலிருந்து வரும் கேள்வி இது. பதில் சொல்ல வேண்டும். ஏழரை சதவீதத்தில் சேரும் பிள்ளையும் நீட்டில் தகுதி பெற்றே ஆக வேண்டும். சேர்ந்த பிறகு அவருக்கென்று தனிப் பாடம் இல்லை, தனித் தேர்வு இல்லை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் நடத்தும் அதே தேர்வை, அதே தேர்ச்சி மதிப்பெண்ணில் தாண்டினால்தான் பட்டம். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில், ஆண்டுக்குப் பல லட்சம் கட்டி, தகுதி மதிப்பெண்ணை ஒட்டிச் சேருகிறவர்களைப் பற்றி இந்தக் கேள்வி எழுவதே இல்லை. 2023-இல் முதுநிலை நீட்டின் தகுதி வரம்பை ஒன்றிய அரசு பூஜ்ஜிய விழுக்காட்டு நிலைக்கே இறக்கியது. இடங்கள் காலியாகப் போய்விடக் கூடாது என்பதற்காகத் தகுதியை அவ்வளவு தூரம் தளர்த்தலாம் என்றால், வாய்ப்பே இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்காகச் சற்றுத் தளர்த்துவதில் என்ன பிழை? திறந்த போட்டித் தேர்வின் மதிப்பெண், ஒருவருக்குப் பின்னால் இருக்கும் சமூக, பொருளாதார வசதிகளைக் காட்டாது என்று 2022 ஜனவரியில் மருத்துவ இடங்களில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை உறுதிசெய்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே விளக்கியிருக்கிறது.

ஒரு பெண்ணின் மூன்று ஆண்டுகள்

இவ்வளவு நல்ல சட்டத்துக்குள் ஒரு விரிசல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஏழரை சதவீதத்தில் விண்ணப்பிக்க, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை தொடர்ந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று வரிசையாக எழுதிச் சான்று தர வேண்டும்.

என்னிடம் ஒரு பெண் படித்தாள். பெற்றோர் இருவரும் எஸ்டேட் தொழிலாளர்கள். ஐந்தாம் வகுப்புவரை மேலேயே படித்தாள். அந்தச் சமயத்தில் சாலை இன்றைக்குப் போல் இல்லை. குழியும் கல்லுமாகக் கிடந்தது. தென்பழனி அடிவாரத்திலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஹைவேவிஸ் வருவதற்குள் பாதி நாள் போய்விடும். யானை நடமாட்டம் வேறு. பனி விலகுமுன் பெற்றோர் வேலைக்குப் போய்விட்டால், பிள்ளையை யார் கூட்டிப்போய் விடுவது? ஆறாம் வகுப்புக்கு அவளை அடிவாரத்துக் கிராமத்தில் அம்மாச்சி வீட்டில் விட்டார்கள். அம்மாச்சி நடந்து போய் விட்டுவரும் தூரத்தில் இருந்தது ஒரே ஒரு நடுநிலைப் பள்ளி. அது அரசு நிதியுதவி பெறும் பள்ளி. தமிழ் வழி. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது. பாடநூல் அரசுடையது. மதியச் சத்துணவும் அரசுடையது. எட்டாவது முடித்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்கள் அரசுப் பள்ளி.

பிளஸ் டூவில் பள்ளியின் முதல் வரிசையில் வந்தாள். நீட்டிலும் தகுதி பெற்றாள். அந்த ஆண்டு அவள் பிரிவில் ஏழரை சதவீதத்தில் கடைசியாக இடம் கிடைத்தவரைவிட அவள் மதிப்பெண் அதிகம். படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். ஆறு, ஏழு, எட்டு என்ற மூன்று கட்டங்களில் அந்தப் பள்ளியின் பெயரை எழுதியதும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிட்டது.

கூட வந்திருந்த அவள் அம்மா, வேலைக்குப் போகாமல் அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்திருந்தார். கேட்டது ஒரே கேள்விதான். “அதுவும் கவர்மெண்டு சோறு போட்ட பள்ளிக்கூடந்தானே டீச்சர்?”

அவள் பொதுப் போட்டியில் இடம் கிடைக்காமல் விலங்கியல் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். விலங்கியல் நல்ல படிப்புதான். நானே படித்த படிப்பு. ஆனால் அவள் கேட்டது மருத்துவம். அவளுக்கு அதற்கான மதிப்பெண்ணும் இருந்தது.

அதே சட்டத்தில் உள்ள இன்னொரு விதியைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவின்படி, தனியார் சுயநிதிப் பள்ளியில் 25 சதவீத இலவச இடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு ஏழரை சதவீதம் உண்டு. இது சரியான விதி. ஏழைப் பிள்ளை என்பதால்தான் அந்த இடமே கிடைத்தது. பிறகு அரசுப் பள்ளிக்கு வந்ததும் அவரைத் தண்டிக்கக் கூடாது.

அப்படியானால், அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(பி) பிரிவின் கீழ், நிதியுதவி பெறும் பள்ளியில் இலவசமாக எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளை என்ன பாவம் செய்தது? ஆங்கில வழி சுயநிதிப் பள்ளியில் இருந்த மூன்றாண்டுகளை மன்னிக்கிற சட்டம், தமிழ் வழி உதவிபெறும் பள்ளியில் இருந்த மூன்றாண்டுகளை மன்னிக்க மறுக்கிறது. பள்ளி வாசலில் எழுதியிருக்கும் பெயர்ப்பலகையைப் பார்க்கிறோம். உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்கவில்லை.

கோடு ஏற்கெனவே நகர்ந்திருக்கிறது

“அரசுப் பள்ளி என்றால் அரசுப் பள்ளிதான், கோட்டை எங்கோ ஓரிடத்தில் போட வேண்டும்” என்பார்கள். உண்மைதான். ஆனால் சட்டம் எழுதும்போதே அந்தக் கோடு நியாயம் பார்த்து வளைக்கப்பட்டது. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளி என்ற வரையறைக்குள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்றால் எங்கள் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ரேகைப் பதிவை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்களின் வழிவந்த பிள்ளைகளுக்காக நடப்பவை அந்தப் பள்ளிகள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் முன்னூறுக்கு நெருக்கமாக இருக்கின்றன. அவை பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வராமல், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் கீழ் நடந்துவந்தவை. துறை வேறு என்று யாரும் அந்தப் பிள்ளைகளை வெளியே நிறுத்தவில்லை. வரலாற்றைப் பார்த்து உள்ளே சேர்த்தார்கள். அந்த நல்லறிவை இன்னும் ஒரு படி கொண்டுபோகச் சொல்கிறேன்.

அரசின் மற்ற திட்டங்களில் அந்தப் படியும் ஏறியாகிவிட்டது. காலை உணவுத் திட்டம் முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் இருந்தது. 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போயிற்று. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. பசி என்று வந்தபோது அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகள் என்று அரசு சொன்னது. கல்லூரிச் செலவு என்று வந்தபோதும் சொன்னது. மருத்துவ இடம் என்று வரும்போதும் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. உதவிபெறும் பள்ளி என்றாலே ஏழைப் பள்ளி அல்ல. பெருநகரங்களில் நூற்றாண்டு கண்ட, பெயர்பெற்ற, ஆங்கில வழிப் பிரிவுகளும் வசதியும் கொண்ட உதவிபெறும் பள்ளிகள் இருக்கின்றன. கதவை மொத்தமாகத் திறந்துவிட்டால் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஏழரை சதவீத இடங்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை மறுபடி ஆறு பேர் என்ற நிலைக்குப் போய்விடும். உதவிபெறும் பள்ளிகளையும் சேர்க்கச் சொல்லித் தொடுத்த வழக்குகளில், அரசு வகுத்த வரையறை சரியே என்று 2022 ஏப்ரல் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளியின் பங்கைக் கரைக்கும் எதையும் நானும் ஏற்க மாட்டேன். வாழ்நாளெல்லாம் அந்த வகுப்பறைகளில் நின்றவள் நான்.

ஆனால் மொத்தமாகத் திறப்பதற்கும் மொத்தமாக மூடி வைப்பதற்கும் நடுவில் வழி இருக்கிறது.

செய்ய வேண்டியவை

அதே 2022 தீர்ப்பில், இந்த ஒதுக்கீட்டை ஐந்தாண்டுக்குள் மறுஆய்வு செய்ய வேண்டும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணக்கில் 2027 வருகிறது. மறுஆய்வு என்றதும் “நீடிக்கலாமா, நிறுத்தலாமா” என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோகக் கூடாது. மூன்று முடிவுகளை எடுக்க வேண்டும்.

முதலாவது, ஏழரை சதவீதம் தொடர வேண்டும். ஐந்தாண்டில் கட்டடம் கட்டலாம். திறன் வகுப்பறை அமைக்கலாம். தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த குடும்பத்தில் முதல் மருத்துவரை உருவாக்க ஐந்தாண்டு போதாது. முதலில் சேர்ந்த பிள்ளைகள் இப்போதுதான் பட்டம் முடித்து வெளியே வருகிறார்கள். அவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், எந்த ஊர் மக்களைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுங்கள். அந்தக் கணக்கு கைக்கு வராமல் இதை நிறுத்தப் பேசுவது முறையல்ல.

இரண்டாவது, உடனே செய்யக்கூடிய சிறு திருத்தம். எட்டாம் வகுப்புவரை உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் இலவசமாகப் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களை, 12(1)(சி) பிள்ளைகளுக்கு இணையாக ஏழரை சதவீதத்துக்குள் சேர்க்க வேண்டும். பெருநகரப் பெயர்பெற்ற பள்ளிகள் இதில் நுழைய வழியில்லை. அங்கே இடம் கிடைத்தவர் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற மாட்டார். இடங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியதில்லை. சட்டத்தின் வரையறையில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். என் மாணவியைப் போன்றவர்கள் அந்த ஒரு வரியில் உள்ளே வந்துவிடுவார்கள்.

மூன்றாவது, கலையரசன் ஆணையம் சொன்ன பத்துக்கும் அமைச்சரவை தந்த ஏழரைக்கும் நடுவில் இரண்டரை சதவீதம் நிற்கிறது. அதைத் தனியாக எடுத்து, உதவிபெறும் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்த, குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்கு உள் ஒதுக்கீடாகத் தரலாம். அதிலும் மலை, வனம், தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு முன்னுரிமை தரலாம். முதல் பட்டதாரிச் சான்றிதழை வருவாய்த் துறை பல ஆண்டுகளாக வழங்கிவருகிறது. எஸ்டேட் தொழிலாளியின் பதிவு வைப்புநிதிக் கணக்கிலேயே இருக்கிறது. எந்தெந்த ஊர் கடினமான பகுதி என்ற பட்டியலும் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை. முதுநிலை மருத்துவர்களின் ஊக்க மதிப்பெண்ணுக்காக அரசு வகைப்படுத்தி வைத்திருப்பதையே எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் பணி செய்தால் கடினமான ஊர் என்று கொள்ளப்படும் இடம், பிள்ளை வளர்ந்தாலும் கடினமான ஊர்தான்.

இடத்தைக் கணக்கில் எடுப்பது புதிய யோசனை அல்ல. தமிழ்நாட்டிலேயே 1990-களின் பிற்பகுதியில் ஊரகப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 15 சதவீத ஒதுக்கீடு இருந்தது. பிறகு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. அதில் ஏற்பட்ட குறைகளைக் களைந்து, தரவுகளோடு எழுதப்பட்டதால்தான் ஏழரை சதவீதச் சட்டம் நீதிமன்றத்தில் நின்றது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், பின்தங்கிய மாவட்டத்தில் பள்ளிப் படிப்பை முடித்து வருபவருக்கு நுழைவுத் தேர்வில் கூடுதல் புள்ளிகளைப் பல ஆண்டுகள் தந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1997-இல் ஒரு சட்டம் போட்டது: மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியானாலும் அங்கே முதல் 10 சதவீதத்தில் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. பிள்ளையை ஊர்பேர் தெரியாத பணக்காரப் பள்ளியோடு ஒப்பிடாமல், அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே வசதியோடும் அதே குறையோடும் படித்தவர்களோடு ஒப்பிடும் முறை அது. ஹார்வர்டு வழக்கில் 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கத் தடை விதித்த பிறகு, அங்கேயும் பலர் பள்ளியையும் ஊரையும் பற்றித்தான் பேசுகிறார்கள். நாம் இரண்டையும் கைவிட வேண்டியதில்லை. சாதிக் கணக்கும் இருக்கட்டும், அதற்குள் இடத்தின் கணக்கும் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நாட்டில் ஒரு பிள்ளை எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்று தெரியும்.

இந்தச் சேர்க்கையைப் பிள்ளைகளுக்குத் தரும் சலுகை என்று மட்டும் நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜா மெட்டு என்று மேலே இருக்கும் ஊர்களில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் இன்றும் சின்னமனூருக்கோ க.விலக்குக்கோ இறக்கித்தான் ஆக வேண்டும். மலைக்கு மருத்துவர் வந்து தங்க வேண்டும் என்றுதான் ஊக்க மதிப்பெண்ணே கொடுக்கிறோம். வெளியிலிருந்து வருகிறவர் தன் ஆண்டுகள் முடிந்ததும் மேல்படிப்புக்குப் போவார். அதில் தவறில்லை, விதி அதற்காகத்தான். அந்த மலையிலேயே அம்மாவும் அப்பாவும் இருக்கும் ஒருத்தியை மருத்துவராக்கினால், அவள் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் கூடவே இருக்கும்.

மக்கள் நல்வாழ்வுத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் மறுஆய்வுக் குழுவை அமைக்கும்போது, அதில் நீதிபதிகளும் அதிகாரிகளும் இருப்பார்கள். மலைப்பகுதிப் பள்ளியின் தலைமையாசிரியர் ஒருவரும், எஸ்டேட் தொழிற்சங்கத்திலிருந்து ஒருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆனால் ஏழரை சதவீதச் சட்டத்தின் வரையறையில் அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்கு அடுத்த மாணவர் சேர்க்கைவரை காத்திருக்க அவசியமில்லை. இந்தக் கல்வியாண்டின் விண்ணப்பப் படிவம் அச்சாகும் முன் செய்துவிடலாம்.